வரிப்பட்டையும் பட்டறையிலேயே: கிட்டார் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்



கிட்டாரின் மேற்பலகையும் பக்கப்பலகையும் கூடும் விளிம்பில் வெளிப்புறமாகப் பதிக்கப்படும் பட்டை பைண்டிங் என்றும், அதற்கு உட்புறத்தில் மேற்பலகையின் முகத்தில் கருப்பும் வெள்ளையுமாக ஓடும் மெல்லிய கோடுகள் பர்ஃப்ளிங் என்றும் வழங்கப்படுகின்றன. பார்ப்பவருக்கு வரைந்த கோடுகளாகத் தோன்றினாலும், பர்ஃப்ளிங் ஒரு மரவேலையே ஆகும். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள வெனீர்களை, அதாவது மரத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய தகடுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒட்டிய தாளை நீளவாக்கில் கீற்றுகளாக அறுத்து, விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் பதிப்பதால் அக்கோடுகள் கிடைக்கின்றன. அக்கீற்று இம்மடலில் வரிப்பட்டை எனப்படுகிறது. மடலின் வேண்டுகோள் ஒன்றே: கிட்டாரின் மற்ற உறுப்புகளையெல்லாம் தம் கையால் செய்வோர், வரிப்பட்டையை மட்டும் கடைப் பொதியிலிருந்து உருவி எடுக்காமல், அதனையும் தம் பட்டறையிலேயே மரத்தால் செய்துகொள்ள வேண்டும்.

அழகுக்காகப் பதிக்கும் ஒரு கோட்டுக்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்னும் கேள்வி எழுவது இயல்பாகையால், அக்கோடு செய்யும் வேலையை முதலில் நோக்க வேண்டும். மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், சீடர் போன்ற மென்மையான ஊசியிலை மரங்கள் பயன்படுகின்றன. அப்பலகையின் தடிப்பு இரண்டரை மில்லிமீட்டர் அளவே. உடலின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மர நார்களின் வெட்டுமுகம் வெளியே தெரிகிறது. மரம் ஈரத்தை உறிஞ்சுவதும் வெளிவிடுவதும் அம்முகத்தின் வழியாகவே மிக விரைவாக நடைபெறுகின்றன. பைண்டிங் அம்முகத்தை மூடி, அடிபடும் விளிம்புக்குக் கடினமான மரத்தைத் தருகிறது. வயலினில் பர்ஃப்ளிங்கின் பணி இதனினும் வெளிப்படையானது. அங்கே மேல்தட்டின் விளிம்பு பக்கப்பலகையைத் தாண்டி நீண்டிருப்பதால் அடி முதலில் அவ்விளிம்பிலேயே விழுகிறது, விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே பதிந்திருக்கும் மூவரிப் பட்டை அங்கே தோன்றும் விரிசல் தட்டின் நடுவுக்கு ஓடாமல் தடுக்கிறது. கிரெமோனாவின் வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி நடுவில் வெண்ணிறப் பாப்லரையும் இருபுறமும் கருஞ்சாயமேற்றிய பேரி மரத்தையும் வைத்து அப்பட்டையை அமைத்தார். மலிவான வயலின்களில் அதற்குப் பதிலாக மையால் கோடு வரைந்துவிடுவதும் உண்டு. அக்கோடு எந்த விரிசலையும் தடுப்பதில்லை.

கிட்டாரில் வரிப்பட்டை பைண்டிங்கை ஒட்டியே ஓடுவதாலும், அதன் அடியில் உட்புற ஒட்டுப்பட்டை தாங்கி நிற்பதாலும், விரிசலைத் தடுக்கும் பங்கு குறைவு என்பது உண்மையே. ஆயினும் அதற்காக வெட்டப்படும் பள்ளம் மேற்பலகைத் தடிப்பில் பாதிக்கு மேல் எடுத்துவிடுகிறது என்பதைக் கருதினால், அவ்விடத்தில் பட்டை பொருந்தாமல் போவது கண்ணை உறுத்தும் குறை மட்டுமன்று என்பது விளங்கும். தந்திகளின் இழுவை முழுவதையும் ஏற்கும் பலகை அதன் விளிம்பில் மிக மெலிந்திருக்கும்போது, மெலிந்த இடத்தில் பசையும் மரமும் நிறைந்திருக்க வேண்டுமே தவிர வெற்றிடம் இருக்கலாகாது. பள்ளத்தின் அகலமும் பட்டையின் அகலமும் ஒன்றையொன்று எதிர்பார்த்தே அமைய வேண்டியிருக்க, பள்ளத்தை மட்டும் தாம் வெட்டிப் பட்டையின் அளவைப் பிறர் கையில் விட்டுவிடுவது முறையான ஏற்பாடாகத் தோன்றவில்லை.

கடையில் ஆயத்தமாகக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. யானைத் தந்தத்துக்கு மாற்றாகச் செல்லுலாய்டு என்னும் பிளாஸ்டிக் கிட்டாரின் விளிம்புக்கு வந்தது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1918 வாக்கில் தந்தத்தைக் கைவிட்டு அதற்கு மாறியது. அம்மாற்றத்தை எவரும் குறை கூற இயலாது. ஆனால் செல்லுலாய்டுக்குள் இருக்கும் ஆவியாகும் பொருள்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறுவதால், அப்பட்டை நீளவாக்கில் சுருங்குகிறது. சுருங்கும் பட்டை இரு புள்ளிகளுக்கிடையே குறுக்கு வழியைத் தேடுவதால், உடல் உள்வளைந்திருக்கும் இடுப்புப் பகுதியில் ஒட்டு விட்டு எழும்பி நிற்கிறது. பழைய கிட்டார்களைப் பழுதுபார்ப்போர் அந்த இடைவெளியை நன்கு அறிவர். மரமோ நாரின் போக்கில், அதாவது நீளவாக்கில், ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. பச்சை மரம் முற்றிலும் உலரும்போதுகூட அத்திசையில் சுருக்கம் 0.1 முதல் 0.2 விழுக்காட்டளவே. நாருக்குக் குறுக்கே அது பன்மடங்காகும். வரிப்பட்டையின் எல்லா வெனீர்களிலும் நார் நீளவாக்கிலேயே ஓடுவதால், பிளைவுட்டில் இருப்பதுபோல் குறுக்கும் நெடுக்குமாக நார் மாறுவதில்லை. அதனாலேயே அது வளைவுக்கு இணங்குகிறது, வளைந்தபின் தன் நீளத்தையும் காத்துக்கொள்கிறது.

மரத்தாலான ஆயத்தப் பட்டைகளும் விற்கப்படுகின்றன. அவற்றுள் நல்லவை பல உண்டு. எனினும் அவற்றை ஒட்டிய பசை எது, சாயம் எது, அடுத்த முறை வாங்கும்போது அதே தடிப்பு கிடைக்குமா என்பன வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பிறரிடமிருந்து வரும் பட்டையை நம்புவதன் விளைவுக்கு மார்ட்டின் நிறுவனத்தின் வரலாறே தக்க சான்று. 1833இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கிப் பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குப் பெயர்ந்த அந்நிறுவனத்தின் 28 எண் வகைக் கிட்டார்களை, மேற்பலகை விளிம்பில் ஓடும் ஹெர்ரிங்போன் என்னும் அம்புமுனைக் கோலமே பார்த்தவுடன் அடையாளம் காட்டிற்று. அக்கோலப் பட்டை ஜெர்மனியிலிருந்து வருவிக்கப்பட்டதால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இருப்புத் தீர்ந்தபோது, 1947இன் தொடக்கத்தோடு அவ்வணி நின்றுபோய், அதன் இடத்தில் கருப்பு வெள்ளைப் பிளாஸ்டிக் கோடுகள் வந்தன. 1976இல் ஹெச்டி-28 என்னும் வகையில்தான் அது மீண்டும் வந்தது. அவ்வளவு பெரிய தொழிற்கூடமே தன் முகவரியான ஒரு கோலத்தை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இழந்து நின்றது என்றால், சிறு பட்டறைகள் இதில் எச்சரிக்கையாக இருப்பது மிகை ஆகாது.

இனி மரத்தைப் பற்றி. வெள்ளை வரிக்கு மேற்கு நாடுகளில் மேப்பிள், ஹோலி ஆகியவை பெருவழக்கு. தென்னிந்தியாவில் கிடைக்கும் மரங்களுள், சன்னபட்டணப் பொம்மைகள் கடையப்படும் வெட்பாலை நுண்ணிய நாரும் தந்தத்தை ஒத்த வெண்மையும் உடையதாகையால், சோதித்துப் பார்க்கத் தக்கது. கடைசலுக்கு உகந்த மரம் வளைப்புக்கும் உகந்ததாக இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், ஒரு கீற்றைச் சூட்டில் வளைத்துப் பார்த்தபின் ஏற்பதே முறை. கருப்பு வரிக்குக் கருங்காலி இயற்கையாகவே கருத்த மரமாயினும், வளைக்கும்போது ஒடியும் இயல்புடையது. எனவே பேரி, மேப்பிள் போன்ற வெளிர்மரங்களுக்குச் சாயமேற்றிப் பயன்படுத்துவதே பழைய வழக்கம். சாயம் மேற்பரப்பில் மட்டும் நின்றால் போதாது. அறுத்தபின் கண்ணுக்குத் தெரிவது வெனீரின் முகம் அன்று, அதன் உட்பகுதி. ஆகவே சாயம் அரை மில்லிமீட்டர் முழுவதும் ஊடுருவியிருக்க வேண்டும்.

இரும்பும் துவர்ப்புப் பொருளும் கூடிக் கருமையாவது கலம்காரித் துணியோவியத்தில் இன்றும் கையாளப்படும் முறை. கடுக்காய் நீரில் ஊறிய துணி, வெல்லத்துடன் புளித்த இரும்புக் கரைசல் பட்டதும் கருக்கிறது. அதே வினை மரத்திலும் நடைபெறும். கடுக்காய் நீரில் ஊறவைத்து உலர்த்திய வெனீரை, புளிக்காடியில் இரும்பு ஊறிய கரைசலில் இட்டால் உள்வரை கருமை ஏறும். ஆனால் கரைசலின் அமிலம் நாரில் தங்கிவிட்டால் மரம் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடையுமாகையால், சாயமேற்றிய வெனீரைப் பலமுறை தூய நீரில் அலசிப் பலகைகளுக்கிடையே வைத்து உலர்த்துவது இன்றியமையாதது. சாயமேற்றிய வெனீரைக் கடையில் வாங்குவதும் தவறன்று. வாங்குவோர் ஒரு பஞ்சை நீரிலும் மற்றொன்றை ஸ்பிரிட்டிலும் நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் போதும். பஞ்சில் கருப்பு ஏறினால், பசையின் நீரிலோ பாலிஷின் ஸ்பிரிட்டிலோ அதே கருப்பு பக்கத்து வெள்ளை வரியில் கசியும் என்பது உறுதி.

ஒட்டும் வேலையே இத்தொழிலின் நடுநாடி. கிட்டாரின் பக்கப்பலகை ஒவ்வொன்றும் 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையதாகையால், வெனீர்களை 900 மில்லிமீட்டர் நீளத்திலும் 100 மில்லிமீட்டர் அகலத்திலும் வெட்டிக்கொள்வது வசதியானது. கருப்பு, வெள்ளை, கருப்பு என மூன்றை அடுக்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள தாள் கிடைக்கும். இத்தாளின் தடிப்பே பிற்பாடு கிட்டாரின் முகத்தில் தெரியும் கோட்டுத் தொகுதியின் அகலம், தாளை அறுக்கும் கீற்றின் அகலமே பள்ளத்துக்குள் இறங்கும் ஆழம். இரண்டு மில்லிமீட்டர் கீற்றாக, வாள்வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கழித்து அறுத்தால், ஒரே தாளிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட வரிப்பட்டைகள் கிடைக்கும். மேற்பலகை, பின்பலகை, பக்கவாட்டுக் கோடுகள் என ஒரு கிட்டாருக்கு எட்டுப் பட்டை செலவானாலும், ஒடிவதும் வீணாவதும் போக, மூன்று கிட்டார்களுக்கு அத்தாள் தாராளமாகப் போதும். ஒரு நாள் மாலையின் ஒட்டு வேலை ஓராண்டுத் தேவையைத் தீர்த்துவிடக்கூடும் என்பதை, நேரமில்லை என்று கூறுவோர் எண்ணிப் பார்ப்பார்களாக.

வெனீரின் ஒரு முகத்தில் பசையின் ஈரம் பட்ட மறுகணமே அம்முகம் விரிந்து, தகடு எதிர்ப்புறமாகச் சுருளத் தொடங்குகிறது. ஆகவே அடுக்கும் வரிசையும், அழுத்தும் பலகைகளும், கிளாம்புகளும் பசைப் புட்டியைத் திறக்கும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒருமுறை பசையின்றியே முழு வேலையையும் ஒத்திகை பார்ப்பது சிறந்தது. பசையை ரப்பர் உருளையால் மெல்லிய, சீரான படலமாகப் பரப்ப வேண்டும். ஓரிடத்தில் தேங்கிய பசை அவ்விடத்தில் தாளின் தடிப்பைக் கூட்டிவிடும், வறண்ட இடமோ அறுத்தபின் பிளந்துகொள்ளும். பசை வழுவழுப்பாக இருப்பதால், அழுத்தம் ஏறும்போது வெனீர்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். அடிப்பலகையின் ஒரு நீளப் பக்கத்திலும் ஒரு முனையிலும் தடைச்சட்டம் அறைந்திருந்தால் அவை இடம்பெயரா. இருபுறமும் பாலிதீன் தாள் விரித்து, கோணலற்ற கனமான இரு பலகைகளுக்கிடையே வைத்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கி, நான்கு விரல் இடைவெளிக்கொரு கிளாம்பாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். நீளமெங்கும் விளிம்பில் பசை சிறு முத்துகளாகப் பிதுங்கி நின்றால் அழுத்தம் சீராக ஏறியிருக்கிறது என்று பொருள். முத்து இல்லாத இடத்தில் கிளாம்பு குறைகிறது. மறுநாள் வரை அதனைத் தொடலாகாது. பிரித்தபின்னும் இருபுறமும் காற்றுப்பட நிறுத்தி, உள்ளே புகுந்த ஈரம் வெளியேறும்வரை ஓரிரு நாள் விட்டுவைக்க வேண்டும்.

எந்தப் பசை என்னும் கேள்விக்கு விடை, பட்டை எவ்வளவு வளைய வேண்டும் என்பதில் அடங்கியுள்ளது. பொதுவாக எழுதப்படும் குறிப்புகளில் இத்தொடர்பு போதிய அளவு விளக்கப்படாததால், அதனைச் சற்று விரித்துரைப்பது தகும். ஒரு பட்டை அரைவட்டமாக வளையும்போது வெளிப்புற வெனீர் உட்புற வெனீரைவிட நீண்ட வழியைக் கடக்க வேண்டும். அவ்விரண்டின் நடுக்கோடுகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், வழியின் வேறுபாடு 3.1 மில்லிமீட்டர் ஆகும். வெனீர்கள் தனித்தனியாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஒட்டியிருந்தால் வழுக்க இடமில்லாமல் வெளிமுகம் இழுபடவும் உள்முகம் நெரிபடவும் நேர்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை 75 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிமுக நார் 1 விழுக்காடு நீள வேண்டும். உலர்ந்த மரம் முறியாமல் தாங்கும் நீட்சியும் ஏறத்தாழ அவ்வளவே. கழுத்தருகே விரல் எட்டுவதற்காக உடலைக் குடைந்து செய்யும் கட்டவே வகைக் கிட்டாரில், 30 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில், அந்நீட்சி 2.5 விழுக்காடாகிறது. ஒட்டாத அரை மில்லிமீட்டர் வெனீருக்கோ எந்த ஆரத்திலும் இதில் மூன்றில் ஒரு பங்கு நீட்சி மட்டுமே தேவைப்படுகிறது.

இதிலிருந்து பசையின் இயல்பு ஏன் முக்கியமாகிறது என்பது விளங்கும். தச்சுப் பட்டறைகளில் ஃபெவிகால் என்ற பெயராலேயே அறியப்படும் வெள்ளைப் பசை வகை, சூட்டில் இளகும் தன்மையுடையது. 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடான வளைப்புக் குழாயில் பட்டையை அழுத்தும்போது, மரமும் இளகுகிறது, வெனீர்களுக்கு இடையிலான பசையும் இளகி அவற்றைச் சிறிது வழுக்க விடுகிறது. வளைவைக் கையாலோ அச்சாலோ அப்படியே பிடித்து ஆறவிட்டால், பசை மீண்டும் இறுகி வளைவைத் தக்கவைக்கிறது. இளகும் தன்மையைக் குறையாகக் கருதிச் சிலர் அப்பசையை ஒதுக்குவதுண்டு. வரிப்பட்டையைப் பொறுத்தவரை அதுவே அதன் நிறை. ஆறும் முன் பிடியைத் தளர்த்தினால் மட்டுமே பட்டை வாய் பிளக்கும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரம் மிக நேர்த்தியான ஒட்டைத் தருவதாயினும் ஈரத்தில் கரைவதால், அதனால் ஒட்டிய பட்டையை நனைக்காமல் உலர்சூட்டிலேயே வளைக்க வேண்டும். எப்பாக்சி நீரற்றதாகையால் வெனீரைச் சுருளவிடாது. அதன் வசதி அடுக்கும்போது தெரியும், ஆனால் பட்டை விறைப்பாகிவிடும்.

கட்டவே போன்ற கூர்வளைவுகளில் முன்கூட்டி ஒட்டிய பட்டையை வலிந்து வளைப்பதைவிட, மூன்று வெனீர்க் கீற்றுகளையும் தனித்தனியாகச் சூடுகாட்டி வளைத்து, பள்ளத்துக்குள் பைண்டிங்கோடு சேர்த்து ஒரே வேளையில் ஒட்டுவதே நன்று. அவ்வாறு செய்தாலும் பள்ளத்துக்குள் உருவாவது அடுக்கொட்டு வரிப்பட்டையேதான். ஒட்டும் இடம் மட்டுமே மாறுகிறது.

தாளைக் கீற்றாக அறுக்கப் பற்சிறிய வாளோ, மெல்லிய பட்டைவாள் இயந்திரமோ, இரும்புச் சட்டத்தை ஒட்டிப் பலமுறை இழுக்கும் கூர்க்கத்தியோ போதும். அறுத்த முகம் சொரசொரப்பாகவும் கீற்றின் ஆழம் இடத்துக்கிடம் வேறாகவும் இருக்குமாகையால், அதைச் சமன்செய்ய ஓர் எளிய கருவி வழக்கத்தில் உள்ளது. தட்டையான இரும்புத் துண்டின்மேல், கூர்முனை கீழ்நோக்கி நிற்குமாறு ஓர் இழைப்புளி இரும்பைத் திருகால் பொருத்தி, இரண்டுக்கும் இடையே வேண்டிய அளவு வாய் விட்டு, அவ்வாயின் வழியாகக் கீற்றை ஒரே திசையில் உருவ வேண்டும். பொற்கொல்லர் அச்சுத் துளையில் கம்பியை இழுத்து மெலிவிப்பது போன்ற வேலை இது. ஒரே இழுப்பில் அளவை எட்ட முயன்றால் நார் எதிர்த்துக் கிழியும். வாயைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இழுப்புக்கு 0.05 மில்லிமீட்டர் அளவு மட்டும் சீவினால், முடி போன்ற சுருள் ஒழுங்காக வெளிவரும். நாரின் சாய்வு எதிராக இருந்தால் கீற்றை முனைமாற்றி இழுக்கலாம். இக்கருவியால் சீவத்தக்கது ஆழம் மட்டுமே என்பது இங்கே வற்புறுத்திக் கூறவேண்டிய செய்தி. பட்டை பள்ளத்தில் நுழையவில்லை என்று அதன் பக்கங்களைச் சீவினால், வெளிப்புறக் கருப்பு வரி மட்டும் மெலிந்து, அரை மில்லிமீட்டரிலிருந்து ஓரிடத்தில் 0.4, மற்றோரிடத்தில் 0.3 எனத் தடுமாறும். அத்தடுமாற்றத்தை எந்தப் பாலிஷும் மறைக்காது. அகலம் தாளிலேயே சரியாக அமைந்திருக்க வேண்டும், பள்ளம் அத்தாளின் அளவுக்கு வெட்டப்பட வேண்டும். வெர்னியர் காலிப்பரால் தாளைப் பல இடங்களில் அளந்து, அறுக்கும்முன் வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது இதனாலேயே.

பள்ளம் பட்டையைவிட ஒரு மயிரிழை அகலமாக இருப்பது நல்லது. நீர்கலந்த பசை பட்டதும் மரம் உப்பி, இறுக்கமான பட்டை பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். ஆழத்திலோ பட்டை மேற்பலகையைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். ஒட்டுக் காய்ந்தபின் எஞ்சிய உயரத்தை உப்புத்தாளால் தேய்க்காமல் சீவுதகட்டால் சீவி எடுக்க வேண்டும். தேய்த்தால் எழும் கருந்தூள் வெள்ளை வரியின் நுண்துளைகளிலும் ஸ்ப்ரூஸ் பலகையிலும் புகுந்து சாம்பல் படிந்த தோற்றத்தைத் தருகிறது. பைண்டிங் ஈட்டி மரமாக இருந்தால் இன்னுமோர் இடர் உண்டு. தோதகத்தி என்றும் அழைக்கப்படும் அந்தத் தென்னிந்திய மரம், 1969இன் இறுதியில் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் மரத்துக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டதிலிருந்து உலகெங்கும் கிட்டார் உடலின் முதன்மை மரங்களுள் ஒன்றாகிவிட்டது. அதன் ஊதாநிறப் பிசின் ஸ்பிரிட்டில் கரைவதால், அரக்குப் பாலிஷைத் துணியில் தோய்த்து நேராக ஓட்டினால் வெள்ளை வரி இளஞ்சிவப்பாகும். முதலில் நீர்த்த அரக்கை நுண்தூரிகையால் வரியின்மேல் மட்டும் இரண்டு முறை பூசி மூடிவிட்டால் அவ்விடர் நீங்கும். இருண்ட ஈட்டி பைண்டிங்கை ஒட்டி வெள்ளை வரியும், வெளிர்ந்த மேப்பிள் பைண்டிங்கை ஒட்டிக் கருப்பு வரியும் வருமாறு அடுக்கைத் தேர்வதும் கைவினைஞரின் உரிமை. ஆயத்தப் பட்டையை நம்புவோருக்கு அவ்வுரிமை கிடைப்பதில்லை.

உடலின் அடிமுனையில், பக்கப்பலகைகள் இரண்டும் சந்திக்கும் இடத்தில் பதிக்கும் ஆப்புத் துண்டின் ஓரங்களிலும் வரிகள் ஓடுகின்றன. அவை பைண்டிங்கின் அடியில் வரும் பக்கவாட்டு வரிகளோடு மூலையில் கூடும்போது, கருப்பு கருப்போடும் வெள்ளை வெள்ளையோடும் 45 பாகைச் சாய்வெட்டில் இணைய வேண்டும். தேர்ந்த கண்ணுடையோர் கிட்டாரைக் கையிலெடுத்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பது அம்மூலையைத்தான். இரு பட்டைகளும் ஒரே தாளிலிருந்து அறுக்கப்பட்டவையாயின் வரிகளின் அகலம் இயல்பாகவே ஒத்துப்போகும். வெவ்வேறு பொதிகளிலிருந்து வந்தவையாயின் எவ்வளவு கூரிய உளியாலும் அவற்றை ஒத்துப்போகச் செய்ய இயலாது.

ஹெர்ரிங்போன் கோலத்தைத் தாமே செய்ய விழைவோர், கருப்பும் வெள்ளையுமாகப் பல வெனீர்களை மாறிமாறி அடுக்கிக் கட்டையாக ஒட்டி, அக்கட்டையைச் சாய்வாகத் தகடுகளாக அறுத்து, ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றொன்றோடு சேர்த்தால், சாய்வரிகள் எதிரெதிராகக் கூடி அம்புமுனைகளாகும். அவ்வரிகளில் நார் நீளவாக்கில் ஓடாமல் துண்டுபட்டு நிற்பதால் கோலம் தனித்து வளையாது. இருபுறமும் ஒட்டப்படும் முழுநீள வெனீர்களே அதனைத் தாங்குகின்றன. நறுக்கிய குச்சிகளைக் கட்டாக ஒட்டி மெல்லிய தகடுகளாக அறுக்கும் இதே கருத்தில்தான் ஈரானின் ஷிராஸ் நகரக் காதம் வேலைப்பாடும், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரத்து மரப்பெட்டிகளும் உருவாயின. புதிதாகப் பழகுவோர் நேர்வரிகளில் கைதேர்ந்தபின் இதற்கு வருவது நல்லது. நேர்வரிகளே போதும் என நின்றுவிடுவோரின் கிட்டாருக்கும் அதனால் குறைவேதும் இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கிட்டார்கள் விழுகின்றன, விளிம்பு நசுங்குகிறது, எதிர்காலத்தில் வேறொருவர் அவ்விளிம்பில் இரண்டு விரலளவு வரிப்பட்டையை மாற்ற வேண்டி வரும். அப்போது அவருக்கு அதே அகலமும் அதே நிறமும் உடைய துண்டு கிடைப்பது அரிது. ஆகையால் ஒவ்வொரு தாளிலிருந்தும் ஒரு முழுக் கீற்றை எடுத்து, பாதியைப் பட்டறையிலும் பாதியைக் கிட்டாரின் பெட்டிக்குள்ளும் வைத்து, எந்த மரம், எந்தச் சாயம், எந்தப் பசை, தாளின் தடிப்பு எவ்வளவு, ஒட்டிய நாள் எது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி அதனோடு கட்டி வைக்குமாறு கைவினைஞர்கள் அனைவரும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பசையின் பெயரை அச்சீட்டில் எழுத மறக்கலாகாது. பழுதுபார்ப்பவர் அப்பட்டையைச் சூட்டால் தளர்த்துவதா ஈரத்தால் தளர்த்துவதா என்பதை முடிவு செய்வது அதைக் கொண்டேயாகும்.